கேளுங்க அண்ணாச்சி: ஆகாயத்து ஃப்ரிட்ஜுக்கு ஏன் இத்தனை மெல்லிய சுவர்?

வளைகுடாவில் விமானங்களின் அடுக்களைச் சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, குளிர்ச்சி சம்பந்தமான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். போன இதழில் விமானச் சாப்பாடு பற்றி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான்.

கேள்வி: அண்ணாச்சி, மகளைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் போனேன். எனக்குக் கடைசி வரிசை இருக்கை. சாப்பாட்டு வண்டியை வெளியே இழுக்கும்போது அந்த அலமாரிச் சுவரைப் பார்த்தேன். ஒரு அங்குலம்கூட இருக்காது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சுவரே அதைப்போல இரண்டு மடங்கு. அதற்குள் சோறு எப்படிக் கெடாமல் இருக்கிறது? (இல்லத்தரசி, அம்பாசமுத்திரம்)

சோறு வருகிறதா என்று பார்க்காமல் சுவரைப் பார்த்திருக்கிறீர்களே அம்மா, உங்களை எங்கள் பட்டறையில் இன்ஸ்பெக்டராகப் போட்டிருக்கலாம். நீங்கள் பார்த்தது சரிதான். வீட்டு ஃப்ரிட்ஜின் சுவர் நாலு, ஐந்து சென்டிமீட்டர் இருக்கும், ஃப்ரீசர் பகுதியில் இன்னும் கூடும். விமானத்தில் அந்தக் குளிர் அறையின் சுவருக்குப் பெரும்பாலும் அதில் பாதிதான் கிடைக்கும்.

காரணம் இடம். நீங்கள் பார்த்த வண்டியை நாங்கள் டிராலி என்போம். அதன் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர். மூன்று டிராலி நிற்கிற மாதிரி ஒரு அறை, பக்கத்தில் இன்னொரு அறை என்று வைத்தால் நிற்கும் சுவர்கள் நாலு. ஒவ்வொன்றையும் 3 சென்டிமீட்டர் தடிமனாக்கினால் 12 சென்டிமீட்டர் போச்சு. ஒரு டிராலியின் அகலத்தில் பாதியை நெருங்கிவிட்டது. அதை யார் வீட்டிலிருந்து எடுப்பது? பயணிகள் இருக்கையிலிருந்துதான். எந்த விமானக் கம்பெனியும் அதற்குச் சம்மதிக்காது.

அப்புறம், அந்த அறையின் வேலை சாப்பாட்டைக் குளிர வைப்பது இல்லை. தரையில் இருக்கும் சமையல்கூடத்திலேயே சமைத்து, வேகமாகக் குளிரூட்டி, 5 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துதான் டிராலியில் அடுக்குகிறார்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சாப்பாடு எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, கிருமி பெருகுவது அந்த இடைவெளியில்தான். விமானத்துக்குள் வந்தபிறகு வெளிச் சூடு உள்ளே புகும் வேகத்தைச் சுவர் மட்டுப்படுத்தும். மீறிப் புகுந்ததை சில்லர், அதாவது குளிர்காற்றை ஊதும் இயந்திரம், வெளியே தள்ளும். சுவர் மெலிந்தால் சில்லருக்கு வேலை கூடும், அவ்வளவுதான்.

சில்லரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குளிர்காற்று அறை முழுக்க டிராலிகளைச் சுற்றி ஓடும். அங்கே அறைச் சுவர்தான் முக்கியம், டிராலி வெறும் தகரமாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். இன்னொன்றில் டிராலியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தியதும் அதன் முதுகில் இருக்கும் இரண்டு ஓட்டைகள் அறையின் பின்சுவர் வால்வுகளோடு பொருந்தும். ஒன்றின் வழியாகக் குளிர்காற்று டிராலிக்குள்ளேயே போகும், மற்றதன் வழியாகத் திரும்பும். அங்கே டிராலியின் உடம்பிலேயே நுரை அடைத்திருப்பார்கள். அந்த வால்வைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிய்ந்திருந்தால் போதும், குளிர் முழுக்க வழியிலேயே சிந்திவிடும். “சில்லர் வேலை செய்யவில்லை” என்று சீட்டு எழுதி எங்களிடம் வந்த புகார்களில் எத்தனையோ அந்த ரப்பரோடு முடிந்திருக்கின்றன.

ஏ.டி.ஆர். மாதிரி சின்ன விமானங்களில் பெரும்பாலும் சில்லரே கிடையாது. குளிர வைத்து ஏற்றியதை டிராலிச் சுவரும் உள்ளே வைத்த டிரை ஐஸும் காப்பாற்றும். வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சென்னை போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

கேள்வி: விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே மைனஸ் 56 டிகிரி என்று புத்தகத்தில் இருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவ்வளவு குளிர் சும்மா கிடக்கும்போது, உள்ளே எதற்கு கம்ப்ரசர், சூடு புகாமல் தடுக்கும் இன்சுலேஷன் எல்லாம்? (பத்தாம் வகுப்பு மாணவன், கோவில்பட்டி)

நல்ல கேள்வி தம்பி. 11 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 56.5 என்பது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவு. நிஜத்தில் அன்றன்றைக்குக் கொஞ்சம் கூடும், குறையும்.

ஆனால் விமானம் எப்போதும் அங்கேயா இருக்கிறது? சித்திரை மாசம் மதியம் தரையில் நிற்கும்போதுதான் சாப்பாடு ஏற்றுகிறார்கள். கதவு திறந்திருக்கும், கேபினில் ஏ.சி. சரியாக ஓடாது, உள்ளே 35, 40 டிகிரிகூடப் போகும். குளிர் அறைக்குச் சோதனைக் காலமே அதுதான். அந்த நேரத்தில் நீ சொல்லும் ஆகாயத்துக் குளிர் தலைக்கு மேல் 11 கிலோமீட்டரில் இருக்கிறது.

மேலே போனபிறகு வெளிக்காற்றை நேரே உள்ளே விட முடியாது. கேபினில் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்து மலைமேல் இருப்பதுபோல வைத்திருப்பார்கள், வெளியே அதைவிட மிகக் குறைவு. ஓட்டை போட்டால் உள்காற்று வெளியே பீய்ச்சும், வெளிக்காற்று உள்ளே வராது. சரி, உடம்புத் தகட்டோடு ஒட்டி ஒரு குழாய் ஓடவிட்டுக் குளிரை மட்டும் எடுக்கலாம் என்பாய். எடுக்கலாம், ஆனால் அந்தக் குழாய் பனி பிடிக்கும், எடை கூடும், தரையில் நிற்கும்போது உதவாது, அதனால் கம்ப்ரசரையும் கூடவே வைத்தாக வேண்டும். ஒரு வேலைக்கு இரண்டு சாமானா? ஏ380, போயிங் 787 போன்றவற்றில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி கம்ப்ரசர் வைக்காமல், ஓரிடத்தில் திரவத்தைக் குளிர்வித்துக் குழாய் வழியாக அடுக்களைகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்க்கும் வழிநெடுக இன்சுலேஷன் சுற்றித்தான் ஆகவேண்டும்.

கேள்வி: அண்ணாச்சி, கடைசி வருட மெக்கானிக்கல் மாணவர்கள் நாங்கள். விமான அடுக்களைக் குளிர் அறையின் இன்சுலேஷன்தான் எங்கள் புராஜெக்ட். வேக்யூம் பேனல் போட்டால் கதை முடிந்தது என்கிறான் ஒருவன். பஃப் போதும் என்கிறான் இன்னொருவன். தீர்ப்பு சொல்லுங்க. (மாணவர்கள், வண்ணார்பேட்டை)

தீர்ப்பு கடைசியில். முதலில் கணக்கைப் போடுங்க.

வெப்பம் கடத்தும் எண்ணைப் பாருங்கள். அசையாத காற்று 0.025 பக்கம். பஃப், அதாவது பாலியூரித்தேன் நுரை, 0.022 முதல் 0.025. தெர்மாகோல் 0.035. கண்ணாடி நார்ப் பஞ்சும் ஏறக்குறைய அதேதான். ஏரோஜெல் என்ற, நுண்துளைகள் நிறைந்த மிக இலேசான பொருள் 0.015 பக்கம். காற்றை உறிஞ்சி அடைத்த பலகைதான் வேக்யூம் பேனல், நல்ல நிலையில் இருந்தால் 0.004, 0.005. எல்லாம் ஒரு மீட்டர் தடிமனுக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் போகும் வாட்.

மூன்று டிராலி நிற்கும் அறையின் மொத்தச் சுவர்ப் பரப்பு சுமார் 5.4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபினில் 24, உள்ளே 4, வித்தியாசம் 20 டிகிரி. 25 மில்லிமீட்டர் பஃப் போட்டால் சுமார் 104 வாட் உள்ளே வரும். தரையில் கேபின் 40 டிகிரியில் கிடந்தால் அது 187 வாட். பஃப்பைப் பாதியாக மெலியவிட்டால் இரண்டு கணக்கும் இரட்டிப்பாகும். அதே இடத்தில் 12 மில்லிமீட்டர் வேக்யூம் பேனல் போட்டால், 24 டிகிரி கேபினில், 45 வாட். பாதித் தடிமனில் பாதிக்கும் குறைவான கசிவு. காகிதத்தில் வேக்யூம்காரர் ஜெயித்துவிட்டார்.

இப்போது பட்டறைக்கு வாங்க.

விமானத்து அடுக்களைச் சுவர் வெறும் இன்சுலேஷன் இல்லை, அதுதான் அலமாரியின் எலும்பும். விமானம் முட்டி நிற்கும் நிலை வந்தால் முன்பக்கமாக 9 ஜி விசையைத் தாங்கவேண்டும் என்பது விதி. நிரம்பிய டிராலி 100 கிலோ என்றால் அந்தக் கணத்தில் அது 900 கிலோ பாரம் காட்டும். அதனால் சுவரைத் தேன்கூட்டுப் பலகையில் செய்கிறார்கள். நடுவில் பிசினில் தோய்த்த, அராமிட் என்ற தீத்தாங்கும் செயற்கை நார்க் காகிதத்தாலான அறுகோண அறைகள், இரு பக்கமும் பீனாலிக் பிசின் ஏற்றிய கண்ணாடி நார்த் துணி. தூக்கிப் பார்த்தால் எடையே தெரியாது, ஆனால் ஆள் ஏறி நிற்கலாம். குறை என்னவென்றால், அந்தக் காகித அறைகளுக்குள் வெப்பம் கதிராகவும் தாண்டும், காகிதத்தின் வழியாகவும் நடக்கும். பஃப்பைவிட இரண்டு மூன்று மடங்கு கடத்தும். எனவே அறைகளுக்குள் நுரை நிரப்புகிறார்கள், அல்லது உள்பக்கம் தனியாக ஒரு நுரை அடுக்கு ஒட்டுகிறார்கள்.

அடுத்து போல்ட். தாழ்ப்பாள், கீல், தண்டவாளம், சில்லர் தாங்கி என்று எதை மாட்டினாலும் பலகையில் துளை போட்டு, உலோகப் புரி ஒன்றை இறக்கி, சுற்றிலும் எபாக்ஸி பிசின் ஊற்றி இறுக்கவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஊடுருவிப் போகும் ஒரு அலுமினியத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், 25 மில்லிமீட்டர் நீளம். இரு முனையும் தகட்டோடு நன்றாக ஒட்டியிருந்தால், 20 டிகிரி வித்தியாசத்தில் கணக்குப்படி அது மட்டும் சுமார் 13 வாட் கடத்தும். ஒரு சதுர மீட்டர் பஃப் சுவரே 19 வாட்தான். விரல் நுனி அளவு அலுமினியம் முக்கால் சதுர மீட்டர் சுவரைத் தின்றுவிடுகிறது! அதையே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் 1.3 வாட். கண்ணாடி நார்ப் பிளாஸ்டிக்கில் செய்தால் எழுதவே வேண்டாம். நான் பார்த்த புது டிசைன்களில் பாதி, நுரையை மாற்றுவதில் மூளையைச் செலவழித்துவிட்டு இந்தத் துண்டை மறந்தவை.

வேக்யூம் பேனலில் இந்தத் துளையே போட முடியாது. உள்ளே பொடியை அழுத்திய பலகை, சுற்றிலும் உலோகப் பூச்சுள்ள உறை, காற்றை உறிஞ்சி அடைத்தது. ஒரு திருகு இறங்கினால் புஸ். அப்புறம் அதன் கடத்தல் 0.020க்கு ஏறி, ஏறக்குறைய பஃப் ஆகிவிடும், அதுவும் விலை அதிகமான பஃப். அறுத்து அளவாக்க முடியாது. ஓரங்களில் உறை வழியாகவே வெப்பம் சுற்றிக்கொண்டு போகும், அதனால் சின்னப் பேனல்களாகப் போட்டால் ஆதாயம் குறையும். இரவு ரிப்பேருக்கு வரும் பையனுக்குச் சுவருக்குள் எங்கே பேனல் இருக்கிறது என்று தெரியவேண்டுமே, அதுவும் ஒரு பாடு.

இன்னும் நெருப்பு பாக்கி. பாலியூரித்தேன் சாதாரணமாக விட்டால் மளமளவென்று எரியும், அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. அதனால் விமானத்துக்குள் எந்தச் சுவரும் அங்கீகாரம் பெறப் பரீட்சை எழுதவேண்டும். செங்குத்தாகத் தொங்கவிட்டு 60 விநாடி பர்னர் சுடரைக் காட்டுவார்கள். எரிந்த நீளம் 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, சுடரை எடுத்தபிறகு 15 விநாடிக்குமேல் எரியக்கூடாது, சொட்டி விழுவதும் 3 விநாடிக்குள் அணையவேண்டும். இதோடு, 20 பேரும் அதற்கு மேலும் ஏற்றும் விமானங்களில் பயணிகள் பக்கம் பார்த்திருக்கும் பெரிய பரப்புகளுக்கு வெப்ப வெளியீட்டிலும் வரம்பு உண்டு: உச்சம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட், முதல் இரண்டு நிமிடக் கூட்டுத்தொகை 65 கிலோவாட்-நிமிடம். புகையையும் தனியாக அளப்பார்கள். சுவருக்குப் பீனாலிக் பிசின் ஏன் என்று இப்போது புரியும். எபாக்ஸி அதைவிட உறுதி, ஆனால் புகை அதிகம்.

இந்தக் கெடுபிடி வீண் இல்லை. 1998 செப்டம்பர் 2 அன்று சுவிஸ்ஏர் 111 கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அருகே கடலில் விழுந்து 229 பேரும் இறந்தார்கள். வயர் தீப்பொறியில் தொடங்கிய நெருப்பு, விமானத்தின் உடம்போரம் சுற்றியிருந்த இன்சுலேஷன் போர்வையின் உலோகம் பூசிய பிளாஸ்டிக் உறை வழியாகத்தான் பரவியது. அது அடுக்களைச் சுவர் இல்லை, சரி. ஆனால் “இன்சுலேஷன்தானே, உள்ளே ஒளிந்துகிடக்கும் பொருள்தானே” என்ற நினைப்பு அதோடு போயிற்று.

இப்போது தீர்ப்பு. இரண்டு பேருமே பாதிப் பாதி. போல்ட் கோடுகளிலிருந்து எட்டத் தள்ளி, பின்சுவரிலும் பக்கச்சுவரிலும் அகலமாகக் கிடக்கும் சமதளங்களில் வேக்யூம் பேனலைப் புதைத்து, சுற்றிலும் தீத்தடுப்பு நுரை நிரப்புங்கள். ஊடுருவும் உலோகத்தை நடுவில் வெட்டி, இரு பாதிகளுக்கும் இடையே கண்ணாடி நார்த் துண்டு வையுங்கள். மேலே ஓவனும் காபி மெஷினும் உட்கார்ந்திருக்கும் கூரைக்குத்தான் முதல் கவனம், அங்கே வித்தியாசம் 20 டிகிரி இல்லை, அதற்கு எவ்வளவோ மேலே. கதவு ரப்பரை மறக்காதீர்கள்.

சோதனைக்குப் பெரிய லேப் வேண்டாம். மாதிரிப் பெட்டி செய்து, உள்ளே ஐஸ் வைத்து, கீழே ஒரு குழாய் விட்டு, ஐஸ் முழுக்க 0 டிகிரிக்கு வந்தபிறகு சொட்டும் தண்ணீரை எடை போடுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஒரு நாளைக்கு 2.6 கிலோ தண்ணீர் வந்தால் கசிவு 10 வாட். சுவரில் போல்ட் போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ரிப்போர்ட்டில் வையுங்கள். வாத்தியார் வேறு எதையும் கேட்கமாட்டார்.

கேள்வி: பூ வைக்கச் சின்னதாக ஒரு குளிர் அறை கட்டினேன், பஃப் பேனல்தான். முதலில் நன்றாக இருந்தது. இப்போது வெளிச்சுவர் ஒரு இடத்தில் வியர்க்கிறது, கரண்டு பில்லும் ஏறுகிறது. கம்ப்ரசர்காரர் கேஸ் குறைந்துவிட்டது என்கிறார். (பூ வியாபாரி, சங்கரன்கோவில்)

கேஸும் குறைந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. ஆனால் சுவர் ஒரே இடத்தில் வியர்க்கிறது என்றால் அந்த இடத்தில் நுரை நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. ஒரு சதுர அடியில் மட்டும் வியர்ப்பது கம்ப்ரசர் கோளாறில் வராது.

இது விமானத்திலும் இருக்கும் வியாதிதான். பட்டறையில் அடுக்களையின் அடிப்பலகையைப் பிரித்தால் சில சமயம் நுரை வெளிர் மஞ்சளாக இருக்காது, பழுப்பேறி, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசியும். ஜூஸ் வாடை வேறு. புதுப் பலகையோடு ஒப்பிட்டு எடை போட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கழுவிய தண்ணீரும் சிந்திய ஜூஸும் மூலையில் இடுக்கை அடைக்கும் சீலன்ட் பிய்ந்த இடத்தில் இறங்கியிருக்கும். கெரசினை எரித்து, அந்த அழுக்குத் தண்ணீரை ஊர் ஊராக ஆகாயத்தில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள்.

சிந்தாவிட்டாலும் தண்ணீர் வரும். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம், 4 டிகிரியில் இருக்கும் உள்பக்கத்தில் இருக்கக்கூடியதைப்போல மூன்றரை மடங்கு. சின்ன இடுக்கு கிடைத்தாலும் ஆவி உள்ளே தள்ளும், நடுவழியில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அந்தக் காற்று 24 டிகிரிக்குக் கீழே எதைத் தொட்டாலும் பனித்துவிடும். தண்ணீர் கடத்துவது 0.6, பஃப்பைப்போல 25 மடங்கு. நனைந்த இடம் இன்னும் குளிரும், இன்னும் நனையும். மூடிய அறைகளுள்ள பஃப் தெர்மாகோலைவிடத் தாங்கும், ஆனால் வருடக்கணக்கில் விட்டால் அதுவும் தோற்கும்.

செய்யவேண்டியது: வெளிப்பக்கத்து மூட்டுகளை எல்லாம் சிலிக்கான் வைத்து அடையுங்கள். ஆவி வருவது சூடான பக்கத்திலிருந்து, எனவே காவலும் அந்தப் பக்கம்தான். உள்பக்கத்தை மட்டும் பூசி மெழுகினால் வந்த தண்ணீர் மாட்டிக்கொள்ளும். சாமி படம் மாட்ட ஆணி அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடித்திருப்பீர்கள். நனைந்த பேனலைக் காயவைக்க யாராவது ஹீட்டரோடு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், அந்த ஒரு பேனலை மாற்றுவதுதான் வழி.

கேள்வி: மகன் துபாயில் இருக்கிறான். சீலா மீன் வாங்கி உறையவைத்துக் கொண்டுபோக ஆசை. டிரை ஐஸ் போடலாமா? ஆபத்து என்கிறார்களே? (உவரியிலிருந்து ஒரு தாய்)

போடலாம் அம்மா, முறையாகப் போட்டால். சர்வதேச விதிப்படி ஒரு பயணிக்கு 2.5 கிலோ வரை, விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கியிருக்கவேண்டும், பெட்டியிலிருந்து வாயு வெளியேற வழி இருக்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஆபத்து. டிரை ஐஸ் என்பது உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78.5 டிகிரி. ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வாயு. காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வெடிக்கும். வெறும் கையால் தொட்டால் தோல் பொசுங்கும். உவரியிலிருந்து விமான நிலையம் போகும் காரில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு அந்தப் பெட்டியோடு உட்காராதீர்கள்.

ஆனால் உங்களுக்கு டிரை ஐஸே தேவைப்படாது என்பது என் எண்ணம். கல்லாக உறைந்த மீனே ஒரு ஐஸ் கட்டிதான். வீட்டிலிருந்து மகன் வீடு வரை பத்து, பன்னிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்வோம். ஒரு அங்குலத் தெர்மாகோல் பெட்டியில் 5 கிலோ மீன் அதற்குள் பெரும்பாலும் இளகிவிடும். சுவரை இரண்டு அங்குலமாக்கினால் புகும் சூடு பாதியாகும், போய்ச் சேரும்போதும் நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். கடையில் அவ்வளவு தடிமன் கிடைக்காவிட்டால், சின்னப் பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து இடைவெளியில் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். மீனுக்கும் மூடிக்கும் நடுவில் காலி இடம் விடாதீர்கள். மூடி ஓரம் முழுக்க டேப் சுற்றுங்கள், டிரை ஐஸ் போடாதபோது மட்டும்.

ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைப்பதை நம் கடற்கரையில் பார்த்திருப்பீர்கள். நடப்பது அதேதான். உமி குளிரைத் தருவதில்லை, நடுவில் மாட்டிய காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கிறது.

மீன் உள்ளே கொண்டுபோக அந்த நாட்டில் என்ன விதி என்று மகனை ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகேந்திரகிரியில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனையே பிடித்து வைத்து இஸ்ரோ எஞ்சின் சோதிக்கிறது. அந்த இன்சுலேஷனை விமான ஃப்ரிட்ஜுக்குப் போட்டால் ஒரேயடியாகப் பிரச்சினை தீருமே? (ஆட்டோ ஓட்டுநர், பணகுடி)

தரையில் இருக்கும் அந்தக் கொள்கலன்கள் இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். அவை எல்லாமே உருளை, உருண்டை என்றுதான் இருக்கும். வெற்றிடத்தைச் சுற்றி வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் எடையில் அழுத்தும். தட்டையான தகடு நசுங்கிவிடும், அதைத் தாங்கும் அளவுக்குத் தடிமனாக்கினால் விமானம் ஏறாது. டிராலி நிற்கும் அறையோ பெட்டி வடிவம். வேக்யூம் பேனலுக்குள் பொடிப் பலகையை வைப்பதே அந்தப் பத்து டன்னைத் தாங்கத்தான்.

ராக்கெட்டின் தொட்டிமேல் பூசும் நுரை வேறு கதை. அது ஒருமுறை பறக்கும், சில நிமிடம் உழைக்கும், முடிந்தது. அடுக்களைச் சுவரோ வருடக்கணக்கில் டிராலி முட்டும், கதவு அறையும், கழுவும் தண்ணீர் குடிக்கும். நுரைதானே என்று இளக்காரமாகவும் நினைக்கவேண்டாம். கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று உடைந்ததற்குக் காரணம், கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்து இடது இறக்கையில் மோதிய, ஒரு கிலோகூட இல்லாத இன்சுலேஷன் நுரைத் துண்டு.

கேள்வி: வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகி, திருநெல்வேலி டவுன்)

ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்பு தெரியவேண்டும். நாலு பக்கமும், முக்கியமாகக் கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும் பாருங்கள், யாரும் பார்க்காத மூலை அதுதான். லூசாக வந்தால் முதலில் கேஸ்கட், அதாவது கதவு ரப்பரின் மடிப்பில் இருக்கும் அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், பாதிக் கேஸ்கட் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். மாற்றத்தான் வேண்டும் என்றால், மெக்கானிக் கொண்டுவரும் புது கேஸ்கட் மடித்து வைத்ததில் கோணலாக இருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து நேராக்கி மாட்டச் சொல்லுங்க.